சேலத்தில் பழைய ஏழு சீட் வண்டி வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய குடும்ப வண்டி தேடுபவர்கள் பெரும்பாலும் மாடல் பெயரில் இருந்துதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். இன்னோவாவா, எர்டிகாவா என்று. நான் வருடத்தில் இருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். ஒரே பெயரில் ஓடும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே அரசு விதி, இன்ஜின், பிரேக், பாதுகாப்பு எல்லாமே மாறியிருக்கும். அதோடு நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டு வாசலில் இருந்து ஒரு மணி நேரத்தில் ஏற்காடு. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, அதைவிட முக்கியமாக, பத்திரமாக இறங்கத் தெரிந்த வண்டி வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதியவை.

எந்த வருடத்துக்குப் பிறகு வந்த வண்டியைப் பார்க்கலாம்?

பட்ஜெட் இடம் கொடுத்தால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டி. அந்த மாதம் முதல்தான் புதிதாக விற்கும் எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது. அதற்கு முன் அடி வேரியன்ட்டில் ஏ.பி.எஸ். இல்லாமலே வண்டிகள் வந்தன. மழை பெய்து ஈரமான மலைப்பாதையில் வளைவில் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது அதுதான். எனக்கு இதில் சமரசம் கிடையாது.

அடுத்தது 2019 ஜூலை. டிரைவருக்கு ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை இவை கட்டாயமானது அப்போது. முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கான ஏர்பேக், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2022 ஜனவரியில்தான் கட்டாயமாயிற்று. அந்த சீட்டில் வழக்கமாக உட்காருவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

புகை விதியில் இரண்டு தேதிகள். நாடு முழுக்க பி.எஸ். 4 வந்தது 2017 ஏப்ரல் 1, பி.எஸ். 6 வந்தது 2020 ஏப்ரல் 1. டீசல் வண்டி வாங்குபவர்களுக்கு இந்த இரண்டாவது தேதி ரொம்ப முக்கியம், ஏன் என்று கீழே வருகிறது.

இன்னொன்று, விற்பவர் சொல்லும் "2019 மாடல்" என்பது பதிவு செய்த வருடமாக இருக்கலாம். தயாரித்த மாதமும் வருடமும் ஆர்.சி.யில் தனியாக இருக்கும். 2018 கடைசியில் தயாராகி, 2019 பாதியில் பதிவான வண்டிகள் நிறைய. விலையும் பேச வேண்டியது தயாரித்த வருடத்தை வைத்துத்தான்.

பழைய இன்னோவா வாங்கலாமா, கிரிஸ்டாவுக்கே போக வேண்டுமா?

நம் பக்கம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இன்னோவா 2005-ல் குவாலிஸ் இடத்தைப் பிடித்து வந்தது. 2.5 லிட்டர் டீசல், 102 குதிரைத்திறன். 2016 மே மாதம் அடுத்த தலைமுறையான இன்னோவா கிரிஸ்டா வந்தது வரைக்கும் அடிப்படையில் அதே வண்டிதான். நடுவில் 2009, 2012, 2013 என்று முகத்தையும் உள்ளலங்காரத்தையும் மாற்றினார்கள்.

அந்த 2.5 இன்ஜின் பலமானது, சந்தேகமே இல்லை. சேலம், சங்ககிரி, நாமக்கல் எல்லாம் லாரித் தொழில் வேர்விட்ட ஊர்கள். டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அதனால் பழைய இன்னோவாவை வைத்துப் பராமரிப்பது சேலத்தில் சுலபம். ஆனால் அந்தப் பெயருக்காகவே விலையும் இறங்காமல் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய இன்னோவாவுக்குக் கேட்கும் பணத்தில், அதைவிடப் பல வருடம் புதிய, ஏ.பி.எஸ்., இரண்டு ஏர்பேக் உள்ள எர்டிகா கிடைக்கும் என்றால், குடும்பத்துக்காக நான் எர்டிகா பக்கம்தான் நிற்பேன்.

பழைய இன்னோவாதான் என்று முடிவு செய்துவிட்டால், டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இந்த இன்ஜினில் பெல்ட். அது அறுந்தால் இன்ஜினுக்கே ஆபத்து. பில் இல்லை என்றால், வாங்கிய வாரமே மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கிரிஸ்டாவின் டீசல் இன்ஜினில் செயின், அந்தக் கவலை இல்லை.

கிரிஸ்டா முற்றிலும் வேறு வண்டி. மேனுவலில் 2.4 லிட்டர், 150 குதிரைத்திறன். ஆரம்பத்தில் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் 2.8 லிட்டர் இன்ஜின், ஆறு கியர். 2.7 லிட்டர் பெட்ரோலும் உண்டு, தாகம் அதிகம். 2020-ல் பி.எஸ். 6 வந்தபோது 2.8 டீசல் நின்றுபோனது. மலைக்கு அடிக்கடி போகிற, வெளியூர்ப் பயணம் நிறைய உள்ள, ஏழு பேரும் பெரியவர்களாகவே உள்ள வீட்டுக்கு 2017 முதல் 2019 வரையிலான, ஏ.பி.எஸ். உள்ள கிரிஸ்டா 2.4 மேனுவல் என் முதல் தேர்வு. இதில் பின்சக்கரங்கள்தான் இழுக்கும். ஆளும் சாமானும் பின்னால் ஏற ஏற அந்தச் சக்கரங்களில் அழுத்தம் கூடும். ஈரமான வளைவில் ஏறும்போது பிடிமானம் குறையாது. முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பின்பாரம் கூடினால் நேர்மாறாக, முன்சக்கரம் சில சமயம் சுற்றிவிட்டுத்தான் பிடிக்கும். இதை ஏற்காட்டில் மழை நாளில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது அகலம். கிரிஸ்டா 1.83 மீட்டர். செவ்வாய்ப்பேட்டை சந்துகளிலும், அம்மாபேட்டை உள்தெருக்களிலும் வீடு என்றால், வாங்குவதற்கு முன் ஒரு தடவை வீட்டு வாசல் வரை ஓட்டிக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

எர்டிகாவில் எந்த வருடம் நல்லது?

மூன்று கட்டமாகப் பிரித்துப் பாருங்கள்.

2012 ஏப்ரல் முதல் 2018 வரை முதல் தலைமுறை. 1.4 பெட்ரோல் அல்லது 1.3 டீசல். டீசல் 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் இழுவை, மைலேஜும் நல்லது. 2015 கடைசியில் முகம் மாறி, டீசலில் மைல்டு ஹைப்ரிட் (இன்ஜினுக்குச் சின்ன மின்மோட்டார் துணை) வந்தது. கடைசி வரிசையை விரித்தால் பின்னால் 135 லிட்டர் இடம்தான் மிஞ்சும். ஏழு பேர் வந்தால் பெட்டி எல்லாம் மேல் கேரியரில்தான்.

2018 நவம்பரில் இரண்டாம் தலைமுறை. நீளம் 4.4 மீட்டரை ஒட்டி வளர்ந்தது, பின் இடம் 209 லிட்டர் ஆனது, மூன்றாவது வரிசையில் கால் வைக்க உண்மையிலேயே இடம் கிடைத்தது. 1.5 பெட்ரோல், 105 குதிரைத்திறன். 2019-ல் நடந்த குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 3 நட்சத்திரம் வாங்கியது. அதே வருடம் 1.3 டீசல் போய், மாருதியே வடிவமைத்த 1.5 டீசல், ஆறு கியரோடு வந்தது. 2020 ஏப்ரலில் மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால், அந்த 1.5 டீசல் எர்டிகா ஒரு வருடத்துக்கும் குறைவாகவே விற்பனையில் இருந்தது. மலை ஏற்றத்துக்கும் மைலேஜுக்கும் அது ஒரு அருமையான வண்டி. நல்ல நிலையில், சர்வீஸ் சரித்திரத்தோடு கண்ணில் பட்டால் யோசிக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

2022 ஏப்ரலில் மூன்றாவது கட்டம். இன்ஜின் புதுப்பிக்கப்பட்டது, பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக் போய் ஆறு கியர் வந்தது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்கிற மலை ஓட்டிகளுக்கு இந்தக் கட்டத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். ஸ்டீயரிங்கிலேயே கியரை இறக்கும் வசதி இருக்கிறது. இறக்கத்தில் அதன் அருமை தெரியும்.

என் சிபாரிசு ஒன்று கேட்டால், சேலத்துக்குள் ஓட்டம், மாதத்துக்கு ஒன்றிரண்டு வெளியூர், எப்போதாவது ஏற்காடு என்கிற வீட்டுக்கு 2019 ஏப்ரலுக்குப் பிறகான எர்டிகா 1.5 பெட்ரோல் மேனுவல்.

பெட்ரோல் வண்டி ஏழு பேரோடு ஏற்காடு ஏறுமா?

ஏறும். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். காரணம் இது: சேலம் கடல் மட்டத்தில் இருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு ஊர் 1,500 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட 14 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் காற்று குறைகிறது, சக்தியும் அதே அளவுக்குக் குறைகிறது. டர்போ உள்ள டீசல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். மேலும் டீசலின் இழுவை 1,750 சுற்றிலேயே வந்துவிடுகிறது. எர்டிகா பெட்ரோலின் முழு இழுவைக்கு 4,000 சுற்றைத் தாண்ட வேண்டும். எனவே பெட்ரோல் வண்டியில் இரண்டாவது கியரிலேயே இன்ஜின் சத்தம் கேட்க ஏறுவது தப்பில்லை, அப்படித்தான் ஏற வேண்டும். மூன்றாவதில் போட்டு, திணற விட்டு, அப்புறம் ஹாஃப் கிளட்ச்சில் சமாளிப்பவர்கள்தான் கிளட்ச் பிளேட்டைக் கருக்குகிறார்கள்.

அப்படியானால் டீசலே வாங்கிவிடலாமே?

மாத ஓட்டத்தைப் பாருங்கள். பி.எஸ். 6 டீசல் வண்டிகளில், அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில், புகைபோக்கியில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். ஐந்து ரோட்டில் இருந்து ஜங்ஷன், அங்கிருந்து பள்ளிக்கூடம், திரும்ப வீடு என்று சின்னச் சின்ன ஓட்டமாகவே இருந்தால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், செலவு பெரிதாக வரும். வாரம் ஒரு தடவையாவது கோவையோ பெங்களூரோ போகும் வீட்டுக்கு பி.எஸ். 6 டீசல் சரி. ஊருக்குள்ளேயே ஓடும் வீட்டுக்கு பெட்ரோல், அல்லது 2020-க்கு முந்தைய பி.எஸ். 4 டீசல்.

பழைய பெட்ரோல் வண்டிக்கும் ஒரு குறிப்பு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளில் எரிபொருள் குழாய், ரப்பர் வளையங்களை மெக்கானிக்கிடம் காட்டி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சி.என்.ஜி. எர்டிகா?

ஓட்டச் செலவு குறைவு. ஆனால் சிலிண்டர் பின் இடத்தை விழுங்கிவிடும், கேஸில் ஓடும்போது சக்தியும் குறையும். ஏழு பேர், பெட்டிகள், மலை மூன்றும் சேர்ந்தால் இது பொருந்தாது. வெளியில் பொருத்திய கிட் என்றால் ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்களா, சிலிண்டர் சோதனைச் சான்று தேதி முடியவில்லையா என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ரெனோ டிரைபர் போதாதா? விலை குறைவாக இருக்கிறதே.

நாலு பேர் குடும்பம், எப்போதாவது தாத்தா பாட்டி கூட வருவார்கள் என்றால் டிரைபர் நல்ல யோசனை. 2019 ஆகஸ்டில் வந்தது, நாலு மீட்டருக்குள் நீளம், மூன்றாவது வரிசையைக் கழற்றியே வைத்துவிடலாம், கடைசி வரிசைக்கும் ஏசி காற்று வரும். 2021-ல் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் வாங்கியது. ஆனால் ஒரு லிட்டர் இன்ஜின், 72 குதிரைத்திறன். ஏற்காட்டு உயரத்தில் அதில் பத்து குறைந்துவிடும். ஏழு பேரோடு அடிக்கடி மலை ஏறுவதற்கான வண்டி அது இல்லை.

பழைய டிரைபர் வாங்குமுன் புதிய வண்டி விலையைக் கட்டாயம் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. பெரிய கார்களுக்கு 40 சதவீதம். புதுசின் விலை குறைந்த பிறகும் பழைய கணக்கிலேயே விலை சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மராசோ, லாட்ஜி, மொபிலியோ, என்ஜாய்... இவை எல்லாம் மலிவாகக் கிடைக்கின்றனவே?

மலிவுக்குக் காரணம் இவை நின்றுபோன வண்டிகள் என்பதுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

மராசோ 2018 செப்டம்பரில் வந்தது. 1.5 டீசல், 300 நியூட்டன் மீட்டர் இழுவை, நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், மோதல் சோதனையில் 4 நட்சத்திரம். சவாரி சுகத்தில் இந்த விலைக்கு இதற்கு நிகரில்லை. மஹிந்திரா இங்கேயே இருக்கும் கம்பெனி, சர்வீஸுக்குக் கவலை இல்லை. விற்கும்போது விலை போகாது என்பதுதான் குறை. பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு அது குறையே இல்லை. அகலம் மட்டும் கிரிஸ்டாவைவிடக் கொஞ்சம் அதிகம்.

லாட்ஜி 2015-ல் வந்து 2020-ல் நின்றது. இன்ஜின் அதே ரெனோ கம்பெனியின் டஸ்டரில் இருந்த 1.5 டீசல், ஆகவே இன்ஜின் பார்ட்ஸ் கிடைக்கும். கதவு, பம்பர், விளக்கு உடைந்தால் அலைய வேண்டும். இதுவும் டைமிங் பெல்ட் இன்ஜின்தான்.

மொபிலியோ 2014 முதல் 2017 வரை. ஹோண்டா சிட்டியின் 1.5 பெட்ரோல் இன்ஜின், ஓட்ட அருமை. பின்பக்க பாடி பார்ட்ஸ் கஷ்டம்.

என்ஜாய், டவேரா இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-லேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. என்ஜாயின் அடி வேரியன்ட் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. குழந்தைகளை ஏற்றிப் போகும் வண்டி அது இல்லை.

கியா கேரன்ஸ்?

2022-ல் வந்த வண்டி, இப்போதுதான் பழைய சந்தைக்கு நன்றாக வரத் தொடங்கியிருக்கிறது. ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு, மூன்றாவது வரிசை வசதியானது. டீசல் என்றால் பி.எஸ். 6 பற்றி மேலே சொன்னது பொருந்தும். கம்பெனி வாரன்டி மிச்சம் இருக்கிறதா, அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

ஆம்னி, ஈகோ?

கடைச் சரக்கு ஏற்ற நல்ல வண்டிகள். குடும்பத்தோடு மலைக்கு வேண்டாம்.

டி-போர்டு (வாடகை) வண்டியை ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றி விற்கிறார்களாமே, எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னோவா, எர்டிகா இரண்டிலும் இது சகஜம். மாற்றியது சட்டப்படி தப்பில்லை. மறைத்து, ஓன் போர்டு விலைக்கே விற்பதுதான் தப்பு. வாடகை வண்டி என்றால் ஓட்டம் பல மடங்கு இருக்கும்.

ஆர்.சி.யையும் பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் வரிசையாகக் கேளுங்கள். பழைய பாலிசியில் வணிக வாகனம் என்று இருக்கும், எஃப்.சி. (தகுதிச் சான்று) போட்ட தடமும் இருக்கும். வண்டியில், பின்சீட்டு ஏறும் இடத்தில் படிக்கட்டு ரப்பர் தேய்ந்திருப்பது, இடது பின்கதவுக் கைப்பிடி மட்டும் பளபளப்பது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிக் கழற்றிய வயர் அடையாளம், பம்பரில் ஒளிப்பட்டை ஒட்டிய தழும்பு. சீட் கவரைக் கழற்றச் சொல்லி அடியில் உள்ள துணியைப் பாருங்கள். புதுக் கவர் போட்டவர்கள் உள் துணியை மாற்றுவதில்லை.

மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நம்பலாமா?

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ஓனர் கூட வந்தால் சர்வீஸ் சரித்திரத்தைக் காட்டிவிடுவார்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று வரிசையாக இருக்கும். 1,10,000-ல் சர்வீஸ் விட்ட வண்டி இப்போது 72,000 காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 30,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய 2019 வண்டி என்கிறார், ஆனால் நாலு டயரும் 2024 என்றால், பழைய டயர் ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல்பகுதி, டிரைவர் சீட்டின் வலது ஓரம் இவை மீட்டரைவிட உண்மை பேசும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிப் பார்ப்பது?

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அவற்றில் சில, உள் மாவட்டங்களுக்கு வந்து விற்கப்படுகின்றன. மூன்றாவது வரிசை சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் அடிக்கடி போடாத பெல்ட் அது. நுனியில் மண் கறை இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. சீட் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் வண்டல், விளக்குக்குள் கோடு போட்ட மாதிரி கறை, கதவை மூடி ஏசி போட்டதும் அடிக்கும் பூஞ்சை வாடை. இதில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். மின் இணைப்புகள் இன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகக் கைவிடும்.

டெஸ்ட் டிரைவ் எங்கே, எப்படி எடுப்பது?

அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி வந்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது டெஸ்ட் டிரைவ் இல்லை. கோரிமேடு வழியாக அடிவாரம் போய் மலை ஏறுங்கள். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். கூட ஒரு மெக்கானிக், முடிந்தால் இன்னும் மூன்று நாலு பேர். காலி வண்டி எந்த உண்மையையும் சொல்லாது.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட் நீங்களே போடுங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடு பிடித்த பிறகும் விடாமல் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. முன்கூட்டியே இன்ஜினைச் சூடு பண்ணி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஏறும்போது, நேரான ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் எகிறி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன்சக்கரத்தில் "டக் டக்" என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது டம் என்று அடித்தால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஜம்ப் ராடு என்கிற சஸ்பென்ஷன் பாகம் தேய்ந்திருக்கிறது. முன்பக்கம் கேட்கும் இந்தச் சத்தங்களுக்குச் செலவு குறைவு, பயப்பட வேண்டாம். டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டினால் மட்டும் திரும்பிவிடுங்கள்.

உண்மையான சோதனை இறங்கும்போதுதான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்; பிரேக் வளைவுகளுக்கு மட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை இறக்கிப் பிடித்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஏ.எம்.டி. (மேனுவல் கியரையே தானாக மாற்றும் வகை) வண்டியை மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்து வளைவு இறங்கிய பிறகு பெடல் முன்பைவிட ஆழமாகப் போகிறதா? பஞ்சு மாதிரி மெத்தென்று ஆகிறதா? பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கிறது, சூட்டில் அது ஆவியாகி பெடலைக் காலி ஆக்குகிறது. ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. அடிவாரத்தில் நிறுத்தி, தொடாமல், நாலு சக்கரத்துக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாகவும் ஏற்காட்டுக்கு ஒரு பாதை இருக்கிறது. அது செங்குத்தானது, குறுகியது. பழக்கமில்லாத வண்டியை முதல் தடவை அந்த வழியில் இறக்காதீர்கள்.

மூன்றாவது வரிசையில் யார் உட்காரலாம்?

வாங்குவதற்கு முன் வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பாருங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. முட்டி வலி உள்ள அம்மாவால் நடு சீட்டை மடக்கிப் பின்னே போக முடியாது. அவருக்கு நடு வரிசை. உயரமான ஆள் கடைசியில் உட்கார்ந்தால் முட்டி நெஞ்சைத் தொடும். மலையில் வாந்தி வருவது பெரும்பாலும் கடைசி வரிசைக் குழந்தைகளுக்குத்தான், பின் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் ஆட்டம் அதிகம். கண்ணுக்கு வெளியே தெரியும் பெரிய ஜன்னலும், நேரே முகத்தில் காற்றும் இருந்தால் அது பாதி குறையும்.

பின் ஏசியை மத்தியான வெயிலில் சோதியுங்கள். காலை ஏழு மணிக்கு எந்த ஏசியும் குளிரத்தான் செய்யும்.

டெல்லி, கர்நாடக, புதுச்சேரி வண்டிகள் மலிவாக வருகின்றன. வாங்கலாமா?

டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலை ஓட்டக் கட்டுப்பாடு கொண்டுவந்ததால் அங்கிருந்து வண்டிகள் தெற்கே வருகின்றன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, தமிழ்நாட்டு எண் வாங்கும் வரை அது உங்கள் வண்டி இல்லை. அந்த வரியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். பல சமயம் நம் சேலத்து டி.என். 30, டி.என். 54 வண்டியே லாபமாக வந்து நிற்கும். "பேப்பர் எல்லாம் அப்புறம் வந்துடும்" என்பவரிடம் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

என்னென்ன பேப்பர் பார்க்க வேண்டும்?

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு ஆர்.டி.ஓ. எல்லைக்கு மாறும்போது படிவம் 28. எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், ஓனர் வரிசை, நிலுவை அபராதம் பாருங்கள். வெறும் டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டுவது இரண்டு தரப்புக்கும் ஆபத்து. விபத்து நடந்தால் வழக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் வீட்டுக்குத்தான் போகும்.

பதினைந்து வருடம் ஆன வண்டி?

சொந்த வண்டிப் பதிவு 15 வருடம். அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. 2011, 2012 இன்னோவாவுக்கு விலை பேசுகிறவர்கள், புதுப்பிக்கும் செலவும், அதற்கு முன் வண்டியைத் தயார் செய்யும் டிங்கரிங், பெயின்ட் செலவும் தங்கள் தலையில்தான் என்பதை மறக்கக் கூடாது.

கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடையில்) வாங்குவதா, ஓனரிடமா?

ஓனர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வாங்குவது எனக்குப் பிடித்த வழி. வண்டி நிற்கும் இடம், சர்வீஸ் பில்களை வைத்திருக்கும் ஒழுங்கு, விற்கும் காரணம் எல்லாம் அங்கே தெரிந்துவிடும். கன்சல்டிங்கில் ஒரே நாளில் பல வண்டிகளை ஒப்பிடலாம், பெயர் மாற்றமும் அவர்களே முடித்துத் தருவார்கள். எங்கே வாங்கினாலும் மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும்.

வாங்கிய பிறகு முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிரேக் ஆயில் மாற்றுங்கள், பழசு எப்படி இருந்தாலும் சரி. பேட், டிரம் ஷூ, கூலன்ட், இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்களும். டயர் ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் (டயரின் மேல் வரிகள்) இருந்தாலும் மலைக்கு அது போதாது, ரப்பர் இறுகியிருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது அவரோடு போகும். அந்த வித்தியாசத்தைக் கட்டித்தான் பாலிசி உங்கள் பெயருக்கு வரும். இதெல்லாம் முடிந்த பிறகு குடும்பத்தோடு ஏற்காடு போங்கள்.